சேற்றில் வரும் குமிழி

நடவுக்காகச் சேறடித்துக் கிடக்கும் வயலில் நீங்கள் எப்போதாவது இறங்கியிருக்கிறீர்களா? தஞ்சைச் சீமையில் பிறந்தவராக இருந்தால் இறங்காமல் இருந்திருக்க மாட்டீர்கள். காலை வைத்தவுடன் முழங்கால் வரை உள்ளே போகும். போன இடத்தில் 'குபுக் குபுக்' என்று நாலைந்து குமிழிகள் மேலே வந்து உடையும். சின்ன வயதில் அதைத் தவளை விடும் மூச்சு என்று நம்பியவர்கள் நம்மில் எத்தனையோ பேர்.

அது தவளையின் மூச்சு அல்ல, இலையின் மூச்சு! சிரிக்காதீர்கள். 1776-ஆம் ஆண்டில் இத்தாலி தேசத்து வோல்டா என்பவருக்கும் இதே சந்தேகம் வந்தது. மின்சாரத்துக்கு 'வோல்ட்' என்ற அளவுப் பெயர் வரக் காரணமான அதே வோல்டாதான். மாஜோரே என்ற ஏரியின் கரையோரச் சேற்றைக் கழியால் கிளறி, எழுந்த குமிழிகளைக் குப்பியில் பிடித்து நெருப்பைக் காட்டினார். வாயு பற்றிக் கொண்டு எரிந்தது. அந்த வாயுதான் மீத்தேன்.

மீத்தேன் என்ற பெயரைத் தஞ்சாவூர்க்காரர்களுக்கு யாரும் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. மன்னார்குடிப் பக்கம் பூமிக்கடியிலுள்ள பழுப்பு நிலக்கரியிலிருந்து அந்த வாயுவை எடுக்கத் திட்டம் வந்தபோது, ஊர் ஊராக எதிர்ப்புக் கிளம்பியது. இயற்கை வேளாண்மைப் பெரியவர் நம்மாழ்வார் 2013 டிசம்பரில் கண்ணை மூடும்வரை அதற்காகவே ஊர் ஊராக நடந்தார். 2020-இல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிச் சட்டமே வந்துவிட்டது. ஆனால் பூமிக்கடியிலுள்ள அந்த மீத்தேனுக்கும், நம் காலடியில் குமிழியாக வரும் மீத்தேனுக்கும் பூர்வீகம் ஒன்றுதான் என்பதை நாம் யோசித்ததில்லை. இரண்டும் உதிர்ந்த இலையின் பிள்ளைகள்.

எப்படி என்கிறீர்களா? இலை என்பது ஒரு சமையற்கட்டு. காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கி, வேர் அனுப்பும் தண்ணீரைச் சேர்த்து, சூரிய வெளிச்சத்தை அடுப்பாக மூட்டிச் சமைக்கிறது. நன்றாகக் காய்ந்த சருகை எடை போட்டால், அதில் பாதிக்குச் சற்றுக் குறைய வெறும் கரி. அவ்வளவும் ஆகாயத்திடம் வாங்கிய கடன். கடனைத் திருப்பித்தானே ஆக வேண்டும்? எத்தனை நாளில், எந்த ரூபத்தில் திருப்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதலில், காவேரி பிறக்கும் இடத்துக்குப் போவோம். குடகு மலையின் பசுமை மாறாக் காடுகளில் இலை உதிர்வதற்கு இன்ன மாதம் என்ற கணக்கு இல்லை. வருஷம் முழுவதும் ஏதாவது ஒரு மரம் உதிர்த்துக்கொண்டே இருக்கும். இப்படிப்பட்ட வெப்பமண்டல மழைக்காடுகளில் ஒரு ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 8 முதல் 12 டன் வரை சருகும் சுள்ளியும் விழுகின்றன. இவ்வளவும் விழுந்தால் காடு மூச்சு முட்டிப் போகாதோ என்று தோன்றும். போவதில்லை. கறையானும், மண்புழுவும், காளானும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பந்தியில் உட்கார்ந்து விடுகின்றன. வெப்பமும் ஈரமும் உள்ள இடமல்லவா? பெரும்பாலான இலைகள் ஒரு வருஷத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போகின்றன. சத்துக்களை மேலோட்டமான வேர்கள் உடனே உறிஞ்சிக் கொள்கின்றன. கரியில் பெரும் பகுதி கரியமில வாயுவாகவே காற்றுக்குத் திரும்புகிறது. அதைப் புதுத் தளிர்கள் மறுபடி வாங்கிக் கொள்கின்றன. வாங்கியதும் கொடுத்ததும் சரி, கணக்கு நேர். அந்த மரங்களை வெட்டிவிட்டால்தான் கணக்குப் புத்தகமே கிழிந்து போகிறது.

இரண்டாவது கதை மிகப் பழையது. கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் நெய்வேலி முதல் மன்னார்குடி வரையிலான பூமியில் சதுப்புக் காடுகள் இருந்தன. அங்கே விழுந்த இலையும் மரமும் தண்ணீரில் அமிழ்ந்து, மக்க முடியாமல், மண் மூடி, அழுந்தி, பழுப்பு நிலக்கரியாயின. 1956-இல் தொடங்கிய நெய்வேலி நிறுவனம் இந்த நிலக்கரியைத் தோண்டி எடுக்கத்தான் ஏற்பட்டது. ஆகாயத்திடம் வாங்கிய கடனைத் திருப்பாமலே புதைத்து வைத்த புதையல் அது. நாம் அதை எடுத்து எரிக்கிறோம். பழைய கடனெல்லாம் ஒரே மூச்சில் வசூலாகிறது.

மூன்றாவதுதான் நம் வயலின் கதை. "அந்தக் காலத்திலே ஆத்துல தண்ணி வரதுக்குள்ள வண்டி வண்டியாத் தழை வெட்டியாந்துடுவோம் தம்பி" என்று எந்தத் திண்ணைப் பெரியவரைக் கேட்டாலும் சொல்லுவார். பூவரசு, புங்கு, வாதமடக்கி, எருக்கு, ஆடாதொடை, நொச்சி எல்லாம் வண்டியில் வரும். கோடையில் கொழிஞ்சியோ தக்கைப்பூண்டோ வயலிலேயே வளர்ந்து நிற்கும். சேற்றில் பரப்பி, ஆளும் மாடும் மிதித்து அமுக்கிவிட்டுத்தான் நாற்றில் கை வைப்பார்கள். காவேரி கொண்டு வரும் வண்டலும் கூடச் சேரும். 1934-இல் மேட்டூர் அணை எழுந்த பிறகு அந்த வண்டலில் பெரும் பங்கு அணைக்குள்ளேயே தங்கிவிட்டது. மூட்டை உரம் வந்தது. தழை வண்டி நின்றது. இயந்திரம் அறுக்கும் வயலில் கிடக்கும் வைக்கோலுக்குச் சில இடங்களில் நெருப்பும் வைத்து விடுகிறார்கள். மண்ணுக்குப் போக வேண்டிய கரியும் தழைச்சத்தும் அரை மணியில் புகையாகின்றன. மண்ணோ வருஷத்துக்கு வருஷம் இறுகுகிறது.

'அப்படியானால் பழையபடி தழையைப் போட்டு மிதித்தால் சரியாகிவிடுமே' என்பீர்கள். இங்கேதான் சிக்கல். தண்ணீர் கட்டிய சேற்றுக்குள் பிராணவாயு இல்லை. காட்டில் பந்தி உண்ட நுண்ணுயிர்களுக்கு அங்கே வேலை இல்லை. பிராணவாயு வேண்டாத வேறொரு கூட்டம் இலையைத் தின்று, கரியின் ஒரு பகுதியை மீத்தேனாக வெளிவிடுகிறது. குமிழியாக வருவது கொஞ்சந்தான். பெரும் பகுதி நெற்பயிரின் தண்டிலுள்ள காற்றுக் குழாய்கள் வழியாகச் சத்தமில்லாமல் மேலே போகிறது. எடைக்கு எடை பார்த்தால், நூறு வருஷக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும். மனிதர் செய்கையால் உண்டாகும் மீத்தேனில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு, உலகத்து நெல் வயல்களிலிருந்து வருகிறது.

இதை வைத்து ஒரு காலத்தில் நம்மீது பெரிய பழியே வந்தது. வெளிநாட்டு வயல்களின் அளவை நம் வயல்களுக்கும் பொருத்தி, இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3 கோடியே 80 லட்சம் டன் மீத்தேன் விடுவதாக அமெரிக்காவில் மதிப்பிட்டார்கள். தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்து விஞ்ஞானிகள் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1991-இல் நாட்டின் பல பகுதிகளிலும் வயலில் இறங்கி, பயிரின் மேல் பெட்டியைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தார்கள். வந்த கணக்கு சுமார் 40 லட்சம் டன்! நம் வயல்களில் பலவற்றில் எப்போதும் தண்ணீர் நிற்பதில்லை. மண்ணில் மக்குப் பொருளும் குறைவு. பழி நீங்கியது என்னவோ நல்லதுதான். ஆனால், நம் மண் ஏழையாக இருப்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கும்போது முழுச் சந்தோஷம் வரவில்லை.

மண்ணுக்குச் சோறு போட வேண்டும், ஆகாயத்தையும் சூடாக்கக்கூடாது. வழி உண்டா? உண்டு. அதற்குப் பெயர்கூட நம்மிடமே இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் எப்போதும் தண்ணீரைத் தேக்காமல், நின்ற நீர் வற்றி மேல் மண் காய ஆரம்பித்த பிறகு மறுபடி பாய்ச்சுவது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் இதற்கு ஓர் எளிய கருவி சொல்கிறது. ஓட்டை போட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் தரைக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் காய விடக்கூடாது. இப்படிச் செய்தால் மீத்தேன் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை குறைகிறது, தண்ணீரும் மிச்சம். வைக்கோலைப் பச்சையாகச் சேற்றில் அமுக்காமல் எருக்குழியில் மக்க வைத்துப் போட்டாலும், தண்ணீர் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் முன்னதாகவே உழுது விட்டாலும் வாயு வெகுவாகக் குறையும்.

சொல்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பா வயலைக் காயப்போடு என்றால் விவசாயி நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். மேல் வயல் தண்ணீர் கீழ் வயலுக்கு வழியும் ஊரில் ஒருவர் மட்டும் தனியாக மடையை அடைக்கவும் முடியாது. ஆனால் பம்புசெட்டுள்ள குறுவை வயலில் முடியும். வாய்க்கால்காரர்கள் நாலு பேர் கூடிப் பேசினால் இன்னும் சில இடங்களில் முடியும். எருக்குழியோ எல்லோராலும் முடியும்.

அடுத்த முறை சேற்றில் கால் வைக்கும்போது குமிழி வந்தால், ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பூவரசு இலையோ, போன போகத்து வைக்கோலோ, வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுக்கிறது. அதைக் கொடுக்காமல் தடுக்க நம்மால் ஆகாது. நல்ல நாணயமாகக் கொடுக்கும்படி பார்த்துக் கொள்வது மட்டும் நம் கையில் இருக்கிறது.