ஆறு அளித்த நாடு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்புறத்தில், மெக்ஸிகோ வளைகுடாவின் வடகரையில் அமைந்தது லூயிசியானா மாநிலம். அதன் கடலோரப் பகுதி மிஸ்ஸிஸிப்பி ஆறு அளித்த கொடையாகும். கண்டத்தின் நடுப்பகுதியிலிருந்து வாரிக்கொண்டு வரும் வண்டலை அவ்வாறு கடல்வாயிலே கொட்டும். அவ்வழி மேடிட்டதும் குறுகிய வேறொரு வழி தேடித் திரும்பும். ஆயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை என்னுமாறு இது நிகழ்ந்து, சுமார் 7,000 ஆண்டுகளில் இந்தச் சதுப்பு நிலங்களும் உப்பங்கழிகளும் உருவாயின.

1682-ல் லா சால் என்ற பிரெஞ்சுக்காரர் ஆற்றோடு கடல் வரை வந்து, அதன் வடிநிலம் அனைத்தும் பதினான்காம் லூயி மன்னனுக்கே உரியதென்று அறிவித்து, அவன் பெயரையே சூட்டினார். அங்கு வாழ்ந்த பழங்குடி மக்களைக் கேட்டவர் எவருமிலர். 1718-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரம் தோன்றிற்று. பின்பு நாடு ஸ்பெயினுக்குக் கைமாறி, மறுபடி பிரான்ஸிடம் வந்து, 1803-ல் நெப்போலியனால் ஒன்றரைக் கோடி டாலருக்கு அமெரிக்காவுக்கு விற்கப்பட்டது. விற்ற பரப்பு இன்றைய மாநிலத்தைப் போலப் பல மடங்கு. 1812-ல் லூயிசியானா தனி மாநிலமாயிற்று. பிற மாநிலங்களில் 'கவுண்டி' என்பதை இங்கே 'பாரிஷ்' என்பர். நம் கத்தோலிக்க மக்கள் 'பங்கு' என்று வழங்கும் அதே சொல். பிரெஞ்சு, ஸ்பானிய ஆட்சிகள் விட்டுச் சென்ற தடம் அது.

ஆறு தந்த நிலத்தில் குடியேறியவர்கள் ஆற்றுக்கு அஞ்சினர், கரைகளை உயர்த்தினர். 1927-ல் பெருவெள்ளம் வந்தபோது, நியூ ஆர்லியன்ஸைக் காப்பதற்காக நகருக்குக் கீழே கரையை வெடிவைத்துத் தகர்த்தனர். இரண்டு பாரிஷ்கள் மூழ்கின. அம்மக்களுக்கு வாக்களித்த நஷ்டஈட்டில் பெரும்பகுதி வந்து சேரவில்லை. மேலே வேறு கரைகள் தாமாகவே உடைந்தமையால், அந்த வெடியே வேண்டியிருக்கவில்லை என்பதுதான் கொடுமை.

அதன்பின் மத்திய அரசாங்கமே கரைகளை வலுவாகக் கட்டிற்று. வெள்ளம் நின்றது, வெள்ளத்தோடு வண்டலும் நின்றது. வண்டல் நிலமோ தன் பாரத்தாலேயே அமிழும் இயல்புடையது. ஆண்டுதோறும் புதிய மண் படிந்தாலன்றி நிலைக்காது. எண்ணெய்க் கம்பெனிகள் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் ஏறிப் புல்லையும் மரத்தையும் அழித்தது. 1932 முதல் சுமார் 2,000 சதுர மைல் நிலம் கடலுக்குள் மறைந்துவிட்டது. புயலலையின் வேகத்தைத் தணிப்பவை அச்சதுப்புகளே. 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது நகரக் கால்வாய்களின் சுவர்கள் உடைந்து, நகரில் ஐந்தில் நான்கு பாகம் நீருள் ஆழ்ந்தது; ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

கரையைத் திறந்து வண்டல் நீரை மீண்டும் சதுப்பிலே பாய்ச்சும் பெரியதொரு திட்டம் 2023-ல் தொடங்கியது. நன்னீர் புகுந்தால் தங்கள் சிப்பிகள் மடியும் என்று மீனவர் எதிர்த்தனர், செலவும் ஏறிற்று, 2025-ல் அது கைவிடப்பட்டது. மீனவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் பிழைப்பு இந்த ஆண்டுக்குரியது. நிலம் வளர்வதற்கோ பல்லாண்டுகள் வேண்டும்.

ஜான் ஷார்ல் தீவு என்பது பழங்குடியினர் வாழ்ந்த ஒரு சிற்றூர். 22,000 ஏக்கராக இருந்த தீவு 320 ஏக்கராகச் சுருங்கியது. அரசாங்கச் செலவில் வடக்கே கட்டிய புதிய வீடுகளுக்கு 2022-ல் குடும்பங்கள் பெயர்ந்தன. சிலர் மட்டும் போக மறுத்து, எஞ்சிய மண்ணிலேயே தங்கிவிட்டனர்.