கண்டதை எழுதட்டும் பிள்ளைகள்

பாகூருக்குத் தெற்கே, தென்பெண்ணையாற்றங்கரையில் இருக்கிறது சோரியாங்குப்பம். தை ஐந்தாம் நாள் ஆற்றுத் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரச் சாமிகள் இங்கே தீர்த்தவாரிக்கு வரும். அந்த மணலில் விளையாடி வளர்ந்த பிள்ளைக்கு, ‘ஆறு’ பற்றிய கட்டுரையை மனப்பாடம் செய்யக் கொடுப்பது அநியாயம் இல்லையா? நம் பள்ளிகள் பலவற்றில் அதுதான் நடக்கிறது. கரும்பலகையின் பத்து வரி, வகுப்பிலுள்ள அத்தனை நோட்டிலும் அச்சுப் பிசகாமல் இறங்குகிறது.

வரப்புப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூட்டை ஒரு வகுப்பு ஒரு மாதம் கவனிக்கட்டும். பின்னுவது ஆண் குருவி. நெல் தாளையும் பனையோலையையும் நார்நாராகக் கிழித்து வரும். பாதி பின்னியதும் பெண் குருவியை அழைக்கும். அதற்குப் பிடித்தால் ஆண் குருவி மீதியை முடிக்கும். பிடிக்காத கூடு அரைகுறையாகவே தொங்கும். ‘அந்தக் கூடு மட்டும் ஏன் டீச்சர் பாதியில நிக்குது?’ என்று ஒரு பிள்ளை கேட்டால் போதும், எழுத விஷயம் கிடைத்துவிட்டது.

ஐந்து வயதில் பிள்ளை சொல்லட்டும், டீச்சர் எழுதிக்கொள்ளட்டும். ஆறில் படம் வரைந்து பெயர் எழுதட்டும். ஏழில் தேதி போட்டுத் தினம் ஒரு வரி. ணகர னகரத் திருத்தமெல்லாம் பிறகு பார்க்கலாம். பார்த்ததைச் சொல்லிவிட்ட பிள்ளையின் பக்கத்தில் சிவப்பு மை முதலில் விழக் கூடாது.

குஜராத்தின் பவநகரில் 1920-இல் பால மந்திரைத் தொடங்கிய கிஜுபாய் பதேகா, வகுப்பறைச் சுவருக்கு வெளியே பிள்ளைகளை அழைத்துப் போகச் சொன்னார். அவருடைய ‘பகல் கனவு’ தமிழிலும் கிடைக்கிறது. நம்மூர் மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் மறையும்வரை ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் இயற்கை பற்றி எழுதினார். காட்டு யானையைப் போலவே வீட்டோரக் காகமும் அணிலும் அவருக்கு எழுதும் பொருளாயின.

தேசியக் கல்விக் கொள்கை 2020, பத்துப் ‘பையில்லா நாட்களை’ ஆறு முதல் எட்டாம் வகுப்புவரைதான் பேசுகிறது. என்னைக் கேட்டால் அது தாமதம். கேள்வி ஓயாத வயது ஒன்றாம் வகுப்பு.

அடுத்த சனிக்கிழமை ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து உங்கள் பிள்ளையை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போங்கள். ஆற்றில் பள்ளங்கள் இருக்கும், கையை விடாதீர்கள். என்ன எழுதுவது என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள்.