இரு சக்கரமும் ஐந்து நாள் சுமையும்

தொடர் விடுமுறை வந்துவிட்டால் நம் வீட்டு இளைஞர்கள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் புறப்படுவது இப்போது பெருவழக்காகிவிட்டது. புதுமணத் தம்பதியர் செல்கின்றனர். ஐம்பதைக் கடந்த தந்தையர் சிலரும் பழைய கல்லூரித் தோழரோடு கிளம்பிவிடுகின்றனர். நாடு காண்பது நல்லதே. ஆனால் புறப்படும் நாளின் முந்தைய இரவில் வீட்டில் நடப்பதைச் சற்றே கவனிப்போம். ஒரு பை இரண்டாகிறது. இரண்டாம் பையின் மேல் போர்வை ஏறுகிறது. போர்வையின் இடுக்கில் பலகார டப்பா புகுந்துகொள்கிறது. விடியற்காலையில் பார்த்தால், வைக்கோல் ஏற்றிய வண்டி போல மோட்டார் சைக்கிள் வாசலில் நிற்கிறது.

பேருந்தில் ஏற்றிய மூட்டையைப் பேருந்து சுமக்கும். நாம் சன்னலோரம் அமர்ந்து உறங்கலாம். மோட்டார் சைக்கிளில் ஏற்றிய மூட்டையோ ஓட்டுபவரின் கைகளிலும் இடுப்பிலும் வந்து இறங்குகிறது. வண்டியைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் அவருடைய உடலே அன்றோ? ஆதலின் எதை எடுப்பது, எதை விடுப்பது என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருத்தல் நலம். அதிகச் சுமையைக் கட்டிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்களே.

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். வண்டியோடு தரப்படும் கையேட்டில், அது தாங்கக்கூடிய சுமை இவ்வளவு என்று குறித்திருப்பார்கள். 100 சி.சி. வகை வண்டிகளுக்கு அது சுமார் 130 கிலோ இருக்கும். அதில் ஓட்டுபவரின் எடையும் அடக்கம் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். கணவர் 70 கிலோ, மனைவி 55 கிலோ என்று கொண்டால் 125 ஆயிற்று. மிச்சம் 5 கிலோ. தலைக்கவசம் ஒவ்வொன்றும் ஒரு கிலோவுக்கு மேல். இருவர் காலணி, மழையுடை இவற்றையும் சேர்த்தால் பைக்கென்று எஞ்சுவது ஒன்றுமில்லை. இத்தகைய வண்டியில் இருவர் ஐந்து நாள் மலைப்பயணம் போவதை நாம் ஆதரிப்பதற்கில்லை. ஒருவர் வண்டியிலும் மற்றவர் மூட்டையோடு பேருந்திலுமாக ஒரே ஊர் போய்ச் சேர்வது நாகரிகக் குறைவன்று. தனியே செல்பவருக்குக் கணக்கில் இடம் உண்டு. எனினும் அவருக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோவே போதும் என்பது நம் துணிபு.

எடையைப் போலவே அது அமரும் இடமும் முக்கியம். பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் பாரம், ஏற்றக்கோலின் ஒரு முனையை அழுத்துவது போல வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். சமவெளியில் இது அவ்வளவாகத் தெரியாது. மலையேற்றத்தில் தெரியும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் வேகம் குறைந்து, வண்டி சாய்ந்து, மறுபடி மேல்நோக்கி இழுக்கவேண்டும். அப்போது முன்சக்கரம் தரையில் அழுந்தாமல் மிதப்பது போலிருந்தால் ஹாண்டில் சொன்ன பேச்சைக் கேளாது. இறங்கும்போது வேறொரு தொல்லை: சுமை கூடக் கூடப் பிரேக் பிடித்தபின் வண்டி நிற்பதற்கு வேண்டிய தூரமும் கூடும். ஆகவே கனமானவை கீழேயும், ஓட்டுபவரின் முதுகை ஒட்டியும், இருபுறமும் ஒத்த எடையாகவும் இருக்கவேண்டும். போர்வை போன்ற இலேசானவை மேலே. ஹாண்டிலில் ஒரு சிறு பையும் மாட்டலாகாது. பின் டயருக்குத் தனியாகச் செல்வதற்கு ஓர் அளவும், இருவராகச் செல்வதற்கு ஓர் அளவும் காற்றழுத்தம் குறித்திருப்பார்கள். சுமை கட்டினால் கையேட்டைப் பார்த்து அதற்கேற்பக் காற்றை ஏற்றிக்கொள்க.

இனி உடைக்கு வருவோம். பையில் பாதியை விழுங்குவது இதுவே. மதுரையிலிருந்து தேனி, போடி வழியாக மூணாறு, அங்கிருந்து மறையூர், உடுமலை, வால்பாறை என்று ஐந்து நாள் சுற்றுபவரை எடுத்துக்கொள்வோம். போடியில் வேர்த்துக் கொட்டும். ஒரே முற்பகலில் ஏறி அடையும் மூணாறோ கடல்மட்டத்திற்குச் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் ஏறத்தாழ 6 பாகை வெப்பம் குறையும் என்பது பொதுக் கணக்கு. ஓடும் வண்டியில் எதிர்காற்றும் சேர்ந்துகொள்ளும். சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை வேறு. வால்பாறைப் பக்கத்துச் சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே மிகுதியாக மழை பெறும் இடங்களுள் ஒன்று. இத்தனைக்கும் நாள் ஒன்றுக்கு ஓர் உடை என்று ஐந்து உடை எடுப்பவர், முதல் மழையிலேயே ஐந்து ஈர உடைகளுக்கு உரிமையாளர் ஆவார்.

மூன்று உடை போதும். ஒன்று உடலில். ஒன்று மாற்றுக்கு. மூன்றாவது, என்ன நேர்ந்தாலும் நனையவிடாமல் காக்கவேண்டிய இரவுடை. அன்றன்று இரவில் துவைத்துப் பிழிந்து விசிறியின் கீழ்க் காயப்போட்டால் காலையில் உடுத்தலாம். ஆனால் துணி மெல்லிய பாலியெஸ்டர் கலவையாக இருக்கவேண்டும். இளைஞர்கள் விரும்பும் ஜீன்ஸ், மூணாற்றின் ஈரக்காற்றில் இரண்டு நாளானாலும் காயாது. ஈரத்தோடு ஒரு குழந்தையின் எடை இருக்கும். தடித்த கம்பளிச் சட்டை ஒன்றைவிட மெல்லிய சட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவதே சிறப்பு. இடையில் நிற்கும் காற்று குளிரைத் தடுக்கும். குளிர் மிஞ்சினால் பழைய செய்தித்தாளை மடித்து மார்புக்கும் மேற்சட்டைக்கும் நடுவே செருகிக்கொள்வது முன்னோர் உத்தி. இறங்கியதும் எறிந்துவிடலாம், எடையில்லை. மழையுடையை எல்லாவற்றுக்கும் மேலே, கை போட்டதும் கிடைக்கும்படி வைக்கவேண்டும். பையின் அடியில் அதைத் தேடுவதற்குள் நாம் நனைந்திருப்போம்.

கைலியைப் பற்றி ஒரு சொல். குளித்தால் துவட்டலாம், உறங்கும்போது போர்த்தலாம், உடை மாற்ற மறைப்பாகும், விடுதியின் படுக்கை ஐயத்துக்கிடமாக இருந்தால் மேலே விரித்துக்கொள்ளலாம். நான்கு பொருளின் வேலையைச் செய்யும் இதனை விட்டுவிட்டு, பெரிய டர்க்கித் துவாலையைச் சுருட்டி வைக்கிறார்களே, அதுதான் நமக்கு விளங்குவதில்லை. பயணத்தின் நடுவே ஞாயிறு வருமானால், கோயிலுக்கு அணிய அந்த மாற்றுச் சட்டையே போதும்.

கருவிகளில் வண்டிக்காரர்கள் பேராசைக்காரர்கள். ஒரு லிட்டர் எஞ்சின் எண்ணெய், கூடுதல் டயர் என்று பட்டறையையே பெயர்த்துச் செல்ல எண்ணுவர். தேனியிலும் உடுமலையிலும் கடைகள் இல்லையா? சாலையோரத்தில் நின்றுவிட்டால் அடுத்த ஊர் வரை கொண்டு சேர்ப்பதற்கு வேண்டியவை மட்டும் போதும்: பஞ்சர் ஒட்டும் பொருள்கள், சிறு காற்றடிப்பான், வண்டியோடு வந்த ஸ்பேனர்கள், ஒரு ஸ்பார்க் பிளக், கட்டிங் பிளேயர், இன்சுலேஷன் டேப், பியூஸ். கிளட்ச் கேபிள் ஒன்றும் வேண்டும். அதைப் பையில் வையாமல், இருக்கும் கேபிளை ஒட்டியே புறப்படுமுன் இழுத்துக் கட்டிவிடுவது தேர்ந்த மெக்கானிக்குகளின் வழக்கம். அறுந்தால் இரு முனைகளையும் மாட்டினால் ஆயிற்று.

தாய்மார் இங்கே நம்மைப் பொறுத்தருள்க. முறுக்கு 200 கிலோமீட்டர் குலுங்கினால் முறுக்காக இருப்பதில்லை, மாவாகிவிடும். எள்ளுருண்டையும் கடலைமிட்டாயும் தாக்குப்பிடிக்கும், அதுவும் கைப்பிடி அளவே. புளிச்சோறு முதல் நாள் மதியத்துக்கு மட்டும். நம் சாலைகளில் இட்லி கிடைக்காத ஊர் அரிது. தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் ஒன்று எடுத்துக்கொள்க. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி 1 முதல் தடை செய்தது. மலைச் சோதனைச் சாவடிகளில் பையைத் திறந்து பார்ப்பதும் உண்டு.

ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்புறுதி, புகைச் சான்று இவற்றைக் கைப்பேசியில் டிஜிலாக்கர் வழியாகக் காட்டலாம் என்று மத்திய அரசு 2018-இல் மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது. எனினும் மலையில் சமிக்ஞை கிடைக்காத இடங்கள் பல. நகல்கள் ஓர் உறையில் இருக்கட்டும். நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே மாதத்தில் இ-பாஸ் முறை வந்தது. செல்லும் மலைக்கு எது தேவை என்று புறப்படுமுன் கேட்டறிக. வழக்கமாக உண்ணும் மருந்துகள், கட்டுத்துணி, உப்புச் சர்க்கரைப் பொட்டலம் ஆகியவற்றுக்கு ஒரு சிறு பை. இரத்த வகையும் வீட்டு எண்ணும் எழுதிய தாள் சட்டைப் பையில் இருக்கவேண்டும். மூட்டைக்குள் இருந்தால் 108 ஊழியர் அதைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

முதுகுப்பையை நாம் அவ்வளவாக விரும்புவதில்லை. மூன்று மணி நேரத்தில் தோள் கடுக்கும். விழ நேர்ந்தால் உள்ளிருக்கும் ஸ்பேனர் முதுகெலும்பில் இடிக்கும். சுமையை வண்டியே ஏற்கட்டும். இருபக்கப் பை மாட்டுவதற்காகப் பின்சக்கரத்தின் சேலைத் தடுப்பைக் கழற்றி வைக்கிறார்கள் சிலர். பின்னால் அமரும் பெண்ணின் முந்தானையும் துப்பட்டாவும் சக்கரத்தில் சிக்காமல் காப்பது அதுதான். பை மாட்ட இடமில்லையெனில் வேறு பை வாங்குக. பை சைலன்சரில் படாதபடி விலகியிருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு எளிது, ஆனால் தெறித்தால் கண்ணைப் பதம் பார்க்கும். பட்டை நாடாவே மேல். அதன் தொங்கும் வால்களை முடிந்து செருகிவிடவேண்டும். காற்றில் ஆடும் நாடா செயினைத் தேடிப் போகும்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாகவே எல்லாவற்றையும் கூடத்தில் ஒரு பாய்மேல் பரப்புக. கட்டிய பையைத் தூக்கிக்கொண்டு எடைப்பொறியில் ஏறி நின்று, பிறகு தனியே நின்று, இரண்டையும் கழித்துப் பாருங்கள். பன்னிரண்டைத் தாண்டினால் பாய்க்குத் திரும்புக. பிறகு அதே சுமையோடு ஊருக்கு வெளியே இருபது கிலோமீட்டர் ஓட்டி, இரண்டு மூன்று இடங்களில் பிரேக் பிடித்துப் பார்த்து வருக. பயண நாளிலும் முதல் 50 கிலோமீட்டரில் ஒரு தேநீர்க் கடையில் நிறுத்துங்கள். துணி அமர்ந்து நாடா தளர்ந்திருக்கும். தேநீர் வருவதற்குள் அதை இழுத்துக் கட்டிவிடலாம்.