திசையும் தொலைவும்

இக்காலத்து இரயில்வே, வங்கி, மத்திய அரசுப் பணித் தேர்வுகளில் அறிவுத்திறனை அளக்கும் வினாக்களுள் திசைக்கணக்கும் ஒன்றாகும். கணிதத்தில் வல்ல மாணவரும் இதிலே இடறுதலைக் காண்கின்றோம். ஒரு மதிப்பெண் குறைவாலும் பணி கைதவறக்கூடுமாதலின், இக்கணக்கின் இயல்பினை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு என்பன நிலையானவை. வலம், இடம் என்பனவோ நடப்பவன் முகம் திரும்புந்தோறும் மாறுபவை. வடக்கு நோக்கியவனுக்கு வலப்புறம் கிழக்கு. தெற்கு நோக்கியவனுக்கு அதுவே மேற்கு. இவ்வேற்றுமையை மறத்தலே பெரும்பாலான பிழைகட்கு வேராகும்.

நம் ஊத்தங்கரையையே நடுவாகக் கொள்வோம். அதற்கு ஏறக்குறைய வடக்கே திருப்பத்தூரும், தெற்கே அரூரும், கிழக்கே திருவண்ணாமலையும், வடமேற்கே கிருஷ்ணகிரியும், அதற்கப்பால் ஓசூரும் உள்ளன. ஒருவன் ஊத்தங்கரையினின்று நேர் வடக்கே 4 கி.மீ. சென்றான், வலப்புறம் திரும்பி 5 கி.மீ. சென்றான், மீண்டும் வலப்புறம் திரும்பி 16 கி.மீ. சென்று நின்றான். அவன் இப்பொழுது ஊத்தங்கரைக்கு எத்திசையில், எத்துணைத் தொலைவில் உள்ளான்?

முதலிலே தாளின் மேற்புறத்தை வடக்கெனக் குறித்துக்கொள்க. பின்னர் ஒவ்வொரு நடைக்கும் ஓர் அம்புக்கோடு வரைக. முதற்கோடு வடக்கு; அடுத்தது கிழக்கு; மூன்றாவது தெற்கு. எதிரெதிர்த் திசைகளை ஒன்றிலொன்று கழிக்க வேண்டும். தெற்கு 16-இல் வடக்கு 4 போக, தெற்கு 12 எஞ்சும். கிழக்கு 5 அவ்வாறே நிற்கும். இவ்விரண்டும் செங்கோண முக்கோணத்தின் இரு பக்கங்கள். இவற்றின் வர்க்கங்கள் 144, 25, கூட்டினால் 169, அதன் வர்க்கமூலம் 13. ஆகவே அவன் தென்கிழக்கில் 13 கி.மீ. தொலைவில் உள்ளான்.

அவன் நடந்த தூரமோ 25 கி.மீ. ஆகும். வினா கேட்பது நடந்த தூரமா, நேர்த்தொலைவா என்பதை ஊன்றி நோக்குக. அவன் நிற்குமிடத்திலிருந்து ஊத்தங்கரை எத்திசை என வினவின், விடை வடமேற்கு என்று மாறும்.

கர்ணத்தைக் காணத் தமிழ்நாட்டில் வழங்கும் வாய்பாடு ஒன்றுண்டு. நெடும்பக்கத்தில் எட்டிலொரு பங்கைக் கழித்து, குறும்பக்கத்திற் பாதியைக் கூட்டுவதே அது. மேற்கூறிய கணக்கில் 10½-உம் 2½-உம் சேர்ந்து 13 ஆகின்றது. ஆயினும் பக்கங்கள் 15, 8 ஆயின், இவ்வாய்பாடு 17⅛ எனக் காட்டும். உண்மை விடை 17. ஆதலின் அதனை மதிப்பீட்டிற்குக் கொண்டு, வர்க்கத்தால் உறுதிசெய்தலே நன்று.

மாணவர்காள்! காலம் மிச்சமாகுமென்று கருதித் திருப்பங்களை மனத்திலே சுமவாதீர். மூன்று கோடுகள் வரையச் சில நொடிகளே செல்லும். அவை காட்டும் வழி தவறாது.