இரவில் எப்போது டிம், எப்போது பிரைட்?

இருட்டியபின் வண்டி ஓட்டும்போது எந்த வெளிச்சம் போடுவது? டிம்தான் (சாலையை நோக்கித் தாழ்ந்து விழும் வெளிச்சம்) வழக்கமாக இருக்கட்டும். பிரைட் (நேரே தொலைவுக்குப் பாயும் வெளிச்சம்) தேவைக்கு மட்டும்.

இப்போது எது எரிகிறது என்று எப்படித் தெரியும்? ஸ்பீடோமீட்டர் பக்கத்தில் சின்னதாக நீல விளக்கு எரிந்தால் பிரைட். பைக்கிலும் ஸ்கூட்டரிலும் இதே அடையாளம்தான். தெருவிளக்கு இருக்கும் ஊருக்குள் அந்த நீலம் எரியத் தேவையே இல்லை.

டிம்மில் தூரம் தெரியாதே? தெரியாதுதான். அதனால் வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் வண்டியை நிறுத்த முடிகிற வேகத்தில் போங்கள். இருண்ட, ஆளில்லாத சாலையில் பிரைட் போடலாம். எதிரே வெளிச்சம் தெரிந்ததுமே மாற்றிவிடுங்கள். முன்னால் போகும் வண்டியை நெருங்கும்போதும் டிம்தான். இல்லாவிட்டால் அதன் கண்ணாடியில் பட்டு ஓட்டுநரின் கண் கூசும்.

எதிரே வருபவருக்குக் கண் கூசினால் எனக்கு என்ன ஆகும்? 60 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் சுமார் 17 மீட்டர் கடக்கும். அவருக்குப் பார்வை தெளிய 3 நொடி ஆனால், 50 மீட்டர் தூரம் சரியாகத் தெரியாமலே உங்களை நோக்கி வருகிறார். வயதானவருக்கு இன்னும் நேரமாகும். சாலையோரம் சைக்கிள் மிதிப்பவரும் அவர் கண்ணுக்குத் தெரியமாட்டார்.

அவர் டிம் பண்ணவில்லையென்றால்? ஒருமுறை டிம்-டிப் அடித்துக் காட்டுங்கள். கேட்காவிட்டால் பதிலுக்கு பிரைட் போடாதீர்கள். இருவருக்குமே பார்வை போய்விடும். வேகத்தைக் குறைத்து, இடது ஓரத்து வெள்ளைக்கோட்டைப் பார்த்து ஓட்டுங்கள். நம் நாட்டு வண்டிகளில் டிம் வெளிச்சம் இடது ஓரத்தில்தான் சற்றுத் தூரம் விழும்.

நான்குவழிச் சாலையில் நடுவே அரளிச்செடி இருக்கிறதே? எதிர் வெளிச்சத்தை மறைக்கவும்தான் அதை வளர்க்கிறார்கள். ஆனால் செடி பட்டுப்போன இடத்திலும், வண்டி திரும்ப விட்ட இடைவெளியிலும் வெளிச்சம் நேரே கண்ணில் அடிக்கும்.

மூடுபனியில் பிரைட் உதவுமா? உதவாது. பனித்துளிகளில் பட்டு வெளிச்சம் உங்கள் பக்கமே திரும்பும். எதிரே வெள்ளைத்திரைதான் தெரியும். மலைப்பாதையில் இதை மறக்காதீர்கள்.

டிம்மில் போயும் எதிரே வருபவர்கள் லைட் அடித்துக் காட்டுகிறார்களே? பின்சீட்டும் டிக்கியும் நிறைந்தால் காரின் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், வெளிச்சமும் மேலேறும். பல கார்களில் ஸ்டியரிங் அருகே 0 முதல் 3 வரை எண் போட்ட திருகு இருக்கும். நீங்கள் மட்டும் போனால் 0. பாரம் கூடக்கூட எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் தாழும்.

கிளம்புமுன் ஹெட்லைட்டையும் முன்கண்ணாடியின் இருபுறத்தையும் ஈரத்துணியால் துடையுங்கள். தூசி படிந்திருந்தால் டிம் மங்கும். பிரைட்டுக்குக் கை போவது பெரும்பாலும் அப்போதுதான்.