மூளையில் ரத்தக்கசிவு: உயிர் பிழைத்த பிறகு என்ன?

"சும்மா தலைவலிதானே, ஒரு மாத்திரை போட்டா சரியாயிடும்." எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சுதான். சில நேரங்களில் இந்தப் பேச்சு ஆபத்தில் முடிகிறது.

ஈஷா யோகா மைய நிறுவனர் ஜக்கி வாசுதேவ், 2024 தொடக்கத்தில் நான்கு வாரங்கள் கடும் தலைவலியோடு நிகழ்ச்சிகளில் பங்கேற்றார். ஸ்கேனில் ரத்தக்கசிவு தெரியவர, மார்ச் 17 அன்று டெல்லி அப்பல்லோ மருத்துவமனையில் அவசர அறுவை சிகிச்சை நடந்தது. மார்ச் 27 அன்று வீடு திரும்பினார்.

எல்லோருக்கும் இப்படிப் பத்தே நாளில் முடியுமா? முடியாது. அவருக்கு ஏற்பட்டது மூளையின் மேல் உறைக்கு அடியில் ரத்தம் தேங்கும் வகை. பிரஷர் நோயாளிகளிடம் அதிகம் காணப்படுவதோ மூளைக்குள்ளேயே ரத்தக்குழாய் வெடிக்கும் வகை. இது ஆபத்து மிகுந்தது. மீள மாதக்கணக்கில் ஆகும்.

முதல் சில மணி நேரம்

வாய் கோணுவது, ஒரு பக்கக் கை கால் வராமல் போவது, பேச்சு குழறுவது, திடீரென மண்டை பிளக்கிற வலி, வாந்தி, மயக்கம். இவற்றில் எது வந்தாலும் உடனே 108. திருநகரிலிருந்து கோரிப்பாளையம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குப் போக, பழங்காநத்தம் நெரிசலைத் தாண்டி வைகையையும் கடக்க வேண்டும். "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று வீட்டில் காத்திருக்கும் நேரத்தில் கசிவு பெரிதாகிக்கொண்டே போகலாம்.

தண்ணீர், காபி எதுவும் கொடுக்கக் கூடாது. புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். ஆஸ்பிரினும் கூடாது. ரத்தக்கட்டு அடைப்பும் ரத்தக்கசிவும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும், சிகிச்சையோ நேர்எதிர். சி.டி. ஸ்கேன்தான் வித்தியாசத்தைச் சொல்லும்.

இந்தியா, இலங்கை உட்பட 10 நாடுகளில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. பிரஷரை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழே கொண்டுவர முயன்று, சர்க்கரை, காய்ச்சல் ஆகியவற்றையும் சேர்த்துக் கட்டுப்படுத்தியபோது, நோயாளிகள் மீண்டு வருவது மேம்பட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு

"உசுரு பிழைச்சாச்சு, இனி ஒண்ணுமில்ல" என்று விட்டுவிடக் கூடாது. பயிற்சி அப்போதுதான் சூடுபிடிக்க வேண்டும். முதல் மூன்று முதல் ஆறு மாதங்களில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். பிறகும் மெதுவாகத் தொடரும். பாதிக்கப்பட்ட பகுதியின் வேலையை மற்றப் பகுதிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றுக்கொள்வதே காரணம். அதற்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும்.

படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வராது. விழுங்குவது சரியாகும்வரை மருத்துவர் சொல்லும் பக்குவத்தில்தான் சாப்பாடு. காரணமில்லாமல் அழுவதும் எரிந்து விழுவதும் பிடிவாதம் அல்ல, மூளைக் காயத்தின் விளைவாக இருக்கலாம். அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மருத்துவமனைக்கு அலைய முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் பிரஷர் மாத்திரையும் வீட்டுக்கே வருகின்றன. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் போதும்.

கடைசியாக ஒன்று. "பிரஷர் நார்மல் ஆயிடுச்சே, எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்துவோர் பலர். அது நார்மலாக இருப்பதே மாத்திரையால்தான். நிறுத்தினால் மீண்டும் ஒரு கசிவுக்கு வழிவிட்டதாகிவிடும்.