வீட்டிலேயே கிற்றார் திருத்துவோம்

சென்ற மாரியில், கரையோரக் கிராமம் ஒன்றின் பாடகர் குழுவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் தமது கிற்றாரைச் சாக்கிலே சுற்றி எம்மிடம் கொண்டுவந்தார். தந்திகள் கட்டப்பட்டிருந்த குதிரை முழுவதுமாகப் பிய்ந்து வந்துவிட்டது. நைலோன் தந்திக்காகச் செய்யப்பட்ட கிற்றார் அது. கடையில் நைலோன் இல்லையென்று உருக்குத் தந்தியைக் கொடுத்திருக்கிறார்கள். "எல்லாம் ஒன்றுதான் தம்பி" என்றாராம் கடைக்காரர்.

எல்லாம் ஒன்றல்ல. ஆறு உருக்குத் தந்திகளும் சுருதிக்கு ஏற்றப்பட்டு நிற்கும்போது அவை குதிரையை இழுக்கும் விசை ஏறக்குறைய 70 கிலோ. அதாவது ஒன்றரை மூடை சீமெந்துக்குச் சற்றுக் குறைவு. நைலோன் தந்திகளின் இழுவை 40 கிலோ அளவில்தான். அந்த இழுவைக்கென்றே மெல்லிய பலகையும் சிறிய குதிரையும் வைத்துச் செய்த வாத்தியம் மற்றதைத் தாங்காது. உங்களிடம் இருப்பது எது என்று அறிவது கடினமன்று. கழுத்து அகலமாகவும், தலையில் இரண்டு நீள வெட்டுகளும், தந்தி குதிரையில் முடிச்சாகக் கட்டப்பட்டும் இருந்தால் அது நைலோனுக்கு உரியது. தந்தியின் குண்டு முனையைத் துளைக்குள் விட்டு முளையால் இறுக்குவதாக இருந்தால் அநேகமாக உருக்குக்கு உரியது.

பழுதென்றால் கொழும்புக்கு அனுப்ப வேண்டும் என்ற எண்ணம் எம்மவர் பலரிடம் இருக்கின்றது. 400 கிலோமீற்றர் போய்வரும் செலவிலே பழைய கிற்றார் ஒன்றையே வாங்கிவிடலாம். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மக்கள் நாம். உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம் போன்றோர் தமிழில் பொப்பிசை பாடத் தொடங்கிய நாளிலிருந்து கிற்றார் எமது வீடுகளில் இருக்கின்றது. அதைத் திருத்தும் கையும் இங்கேயே இருக்கலாம்.

வேண்டிய கருவிகளில் பாதி ஏற்கெனவே உங்கள் வீட்டில் உண்டு: சிறிய ஸ்குறூ டிரைவர், தந்தி வெட்டும் குறடு, மில்லிமீற்றர் குறித்த இரும்பு அடிமட்டம், பென்சில், தையல் மெசின் எண்ணெய். மெல்லிய அரம் ஒன்றும், நொய்யும் பரும்படியுமாக மண்கடதாசி இரண்டு மூன்று தாளும், மரப்பசையும் வாங்க வேண்டும். சைக்கிள் கடையில் பழைய ரியூப் ஒன்றைக் கேட்டு வாங்கி, இரண்டு விரல் அகலப் பட்டிகளாக நீளத்துக்கு வெட்டி வையுங்கள். பசை பூசிய உடைந்த கழுத்தையோ தலையையோ இறுக்கிச் சுற்றுவதற்கு இதைவிட நல்ல கட்டு இல்லை. வளைந்த இடத்திலும் சமமாக அழுத்தும், மரத்தில் வடுவும் விழாது.

சிறு குறைகளை முதலிற் பார்ப்போம். பிருடையின் ஸ்குறூ ஆடினால், நெருப்புக்குச்சி ஒன்றைப் பசையில் தோய்த்துத் துளைக்குள் வைத்து, காய்ந்தபின் மீண்டும் பூட்டுங்கள். சுருதி கூட்டும்போது "டிங்" என்று துள்ளினால், கழுத்தின் உச்சியிலே தந்தி தங்கும் வெட்டில் அது சிக்குகின்றது. பென்சில் கரியை அந்த வெட்டில் தேய்த்தால் போதும்.

விரல் நோகின்றது என்று வாசிப்பைக் கைவிடும் பிள்ளைகள் அதிகம். விரலிலே குற்றமில்லை, தந்தியின் உயரத்திலேதான். பன்னிரண்டாம் மெட்டுக்கு மேலே அடிமட்டத்தை நிறுத்தி அளந்து பாருங்கள். உருக்குத் தந்தியாயின் தடித்த தந்திக்குக் கீழே 2.5 மி.மீ., மெல்லியதற்கு 2 மி.மீ. அளவு போதும். நைலோனுக்கு 4, 3 என்று வைக்கலாம். கூடினால் குதிரையிலுள்ள வெள்ளைத் துண்டைக் கழற்றி, கண்ணாடியின் மேல் விரித்த மண்கடதாசியில் அதன் அடிப்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். பன்னிரண்டாம் மெட்டு தந்தியின் நடுவில் இருப்பதால், அங்கே 1 மி.மீ. குறைய வேண்டுமானால் இங்கே 2 மி.மீ. தேய்க்க வேண்டும். கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்த்துப் பூட்டிப் பாருங்கள். கூடத் தேய்த்துவிட்டால் தந்தி மெட்டில் இரையும். அப்போதும் கவலை வேண்டாம்: அவித்துச் சுத்தம் செய்து காயவைத்த மாட்டெலும்பில் புதுத் துண்டு அராவலாம். மலிவான கிற்றார்களில் வரும் பிளாஸ்ரிக்கை விட ஒலியும் நன்றாயிருக்கும்.

ஆனால் தேய்க்குமுன் கழுத்தைப் பாருங்கள். ஒரு தந்தியை முதலாம் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் சேர்த்து அழுத்தினால், ஏழாம் மெட்டில் ஒரு தபாலட்டை நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். மிகக் கூடுதலாயின் கழுத்து முன்னே வளைந்திருக்கின்றது. உருக்குத் தந்திக் கிற்றார்களின் கழுத்தினுள்ளே ஓடும் இரும்புக் கம்பியை உரிய சாவியால் கால் சுற்று மட்டும் இறுக்கி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கம்பி திரும்ப மறுத்தால் பலாத்காரம் செய்யவேண்டாம். அது முறிந்தால் வீட்டில் திருத்த முடியாது.

எமது காலநிலையும் இதில் பங்காளி. சோளகம் வீசும் வரண்ட மாதங்களில் மரம் சுருங்கும், மெட்டுக் கம்பி சுருங்காது. அதன் நுனிகள் வெளியே நீட்டிக் கையைக் கீறும். அரத்தைச் சரித்துப் பிடித்து மெல்ல அராவுங்கள். மாரியில் மரம் ஊதித் தந்தி உயரும். கடலோர உப்புக் காற்றில் தந்தி துருப்பிடிக்கும், ஆகையால் வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். கழுத்துப் பலகைக்குத் தேங்காயெண்ணெய் பூசுவோரையும் கண்டிருக்கின்றோம். அது காறிப்போகும்.

இனி அந்த இளைஞரின் குதிரைக்கு வருவோம். அவர் முதலில் அதை நொடியில் ஒட்டும் பசையால் ஒட்டிப் பார்த்திருந்தார். அது மூன்று நாள் நின்றதாம். பழைய பசைமேல் புதுப்பசை பிடிக்காது. ஆகவே குதிரையின் அடியையும் பலகையையும் மரம் தெரியும்வரை சுரண்டினோம். இதற்கே ஒரு பின்னேரம் போயிற்று. பின்னர் இடத்தைக் குறித்தோம். உச்சியிலிருந்து பன்னிரண்டாம் மெட்டுவரை உள்ள தூரமும், அங்கிருந்து குதிரையின் வெள்ளைத் துண்டுவரை உள்ள தூரமும் ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். இது பிசகினால் எந்தப் பிருடையைத் திருகினாலும் சுருதி சேராது. மெல்லியதாக மரப்பசை பூசி, நாதத்துளையினூடாக நுழையக்கூடிய நீண்ட வாய்க் கிளாம்ப் ஒன்றைத் தச்சுப் பட்டறையில் இரவல் வாங்கி, உள்ளே ஒரு மரத்துண்டை அணைகொடுத்து இறுக்கினோம். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் துடைத்தோம்.

முழுதாக ஒரு நாள் விட்டபின் கழற்றி, இம்முறை நைலோன் தந்தி கட்டினோம். ஒரேயடியாக ஏற்றாமல் இரண்டு நாட்களில் சிறிது சிறிதாக உரிய சுருதிக்கு உயர்த்தினோம். மரப்பசை சூட்டுக்கு இளகும் என்பதால், தகரக் கூரையின் கீழோ வெயிலில் நிற்கும் வானிலோ வைக்கவேண்டாம் என்று சொல்லி அனுப்பினோம். குதிரையின் ஓரத்தில் பழைய பசையின் தழும்பு இன்னும் தெரிகின்றது. பழைய உருக்குத் தந்திகளை அவர் எறியவில்லை, வேலியில் பாகற்கொடி படரக் கட்டியிருக்கிறார்.